பக்கத்துக்குப் பக்கம் இரண்டரை கிலோ

பிரபு,

நீ தமிழ் படிக்கும் வேகம் எனக்குத் தெரியும். ஒரு பக்கம் தாண்டுவதற்குள் டீ ஆறிவிடும். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு என் மேல் அரைகுறையாகக் கோபப்பட உன்னால் முடியாது. வரி வரியாக நின்று நின்றுதான் வர வேண்டும். இந்த மராட்டி ஊரில், கோர்படியில், நம் தமிழர்கள் வருடத்துக்கு ஒரு மலர் போடுகிறார்கள் அல்லவா, "சிஸ்டரம்மா, ஆஸ்பத்திரி அனுபவம் எதுனா எழுதிக் குடுங்க" என்று கேட்டிருந்தார்கள். இதைத்தான் கொடுக்கப் போகிறேன். அதற்கு முன்னால் நீ படித்துவிட வேண்டும் என்று அனுப்புகிறேன். வேண்டாம் என்று நீ சொன்னாலும் கொடுப்பேன். இருநூறு பேர் உட்கார்ந்திருந்த மண்டபத்தில் உனக்கு நடந்ததற்குக் காரணம் நான். அதை உன் காதோடு மட்டும் சொல்லிக் கழித்துக்கொள்வது நியாயமில்லை.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். போன வாரம் பெங்களூரிலிருந்து வந்து பத்திரிகை மாதிரிகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாய்: "அம்மா, மேடையில மேடமும் நம்மகூட உக்காரணும். எனக்கு அவங்களும் அம்மா மாதிரிதான்." எழுந்து உள்ளே போய் கேஸ் அடுப்பின் திருகைத் திருப்பினேன். உன் அப்பா பின்னாலேயே வந்து, "அடுப்பே எரியல, இன்னாத்த அணைக்கிற?" என்று கேட்டார். முப்பது வருடம் ரயில்வேயில் சிக்னல் பார்த்த மனிதர், வீட்டில் எது எரிகிறது என்று மட்டும் அவருக்குத் தெரியாது.

உனக்குப் பாடம் எடுத்து, ஆராய்ச்சிக்குக் கைடாக இருந்த உன் மேடத்தின் மேல் எனக்குப் பொறாமை. எழுதிவிட்டேன். அவர் பெயரை இதில் எங்கேயும் எழுதப் போவதில்லை, அதற்கும் காரணம் அதுதான். நீ பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. புள்ளியியல் சேர்ந்த முதல் மாதமே இது ஆரம்பித்துவிட்டது. "மேடம் சொன்னாங்க" இல்லாமல் உனக்கு ஒரு வாக்கியம் வராது. மேடம் சர்க்கரை இல்லாமல் டீ குடிப்பார் என்று நீயும் சர்க்கரையை விட்டாய். இருபது வருடமாக இரண்டு ஸ்பூன் போட்டுக் கொடுத்தவள் ஸ்பூனும் கையுமாக நின்றேன். மேடம் வீட்டுப் போஹேயில், அதுதான் அவல் உப்புமாவில், தேங்காய்த் துருவலும் கொத்தமல்லியும் இருக்குமாம், நம் வீட்டு அவல் தொண்டையில் நிற்கிறதாம். குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த ஊரில் யாரிடமும் நான் தோற்றதாக நினைத்ததில்லை. மராட்டி பேசும் மேட்ரனிடம் சண்டை போட்டு லீவு வாங்கியிருக்கிறேன். ஆனால் பார்த்தே இராத ஒரு பெண்ணிடம், ஒரு தட்டு அவலில் தோற்றேன். மேடத்துக்குப் பிள்ளைகள் இல்லை என்று நீ ஒருநாள் சொன்னாய். நான் நல்ல மனுஷியாக இருந்தால் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். "அதுக்கு எம் புள்ளதான் கெடச்சானா" என்றுதான் தோன்றியது.

அதற்கு முன்னால் நீ முழுக்க என்னுடையவனாகத்தான் இருந்தாய். தொண்ணூறுகளில் எனக்கு மதிய ஷிஃப்ட் வரும் நாட்களில் பள்ளியிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவாய். பிரசவ வார்டை ஒட்டிய நர்ஸ் அறையில் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். எட்டாம் வகுப்புக்கு மேல் உன் கணக்கு எனக்குப் புரியவில்லை. ஆனால் பிறந்த குழந்தையைக் கையில் வாங்கியதும் எடை சொல்லுவேன், தராசில் வைத்தால் ஐம்பது கிராம் முன்னே பின்னே அதுதான் இருக்கும். நீ வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பாய். "எங்கம்மா கையே மெஷின்" என்று ஆயாக்களிடம் சொல்லிக்கொண்டு திரிவாய். அந்தப் பிரபுவுக்கு எந்த மேடமும் தேவைப்படவில்லை.

இப்போது அந்த வார்டின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். குழந்தை இரண்டரை கிலோவுக்குக் குறைந்தால் எடைக் குறைவு என்று கணக்கு. அப்படி எழுதினால் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து எதிர்க் கட்டடத்துக்கு அனுப்ப வேண்டும். மூன்று பிரதியில் ஃபாரம் நிரப்ப வேண்டும். அங்கே கதகதப்புப் பெட்டிகள் போதாமல் ஏற்கெனவே ஒன்றில் இரண்டு குழந்தைகள் கிடக்கும். வெளியே வராந்தாவில் மாமியார் நின்றுகொண்டு "வஜன் கித்னா?", எடை எவ்வளவு, என்று கேட்பாள். குறைச்சல் என்று தெரிந்தால் அந்தப் பெண்ணை வீட்டுக்குப் போகும்வரை வார்த்தையால் குத்துவாள். அதனால் குழந்தை நன்றாக அழுது, நன்றாகப் பால் குடித்தால், தராசு இரண்டு கிலோ நானூறு காட்டினாலும் ரிஜிஸ்டரில் இரண்டரை என்று எழுதுவோம். நான் சேர்ந்தபோது எனக்கு மூத்த சிஸ்டர் சொன்னது இதுதான்: "அழுவுதா? ரெண்டரை போடு." எல்லோரும் போட்டார்கள். நான் மற்றவர்களைவிடத் தாராளமாகப் போட்டேன். அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இரண்டு நானூறு என்று எழுத முடியவில்லை. அது இரக்கம் என்றே நினைத்திருந்தேன். கவனித்துப் பார்க்க வேண்டிய குழந்தைகளை ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இப்போது சில நாள் சாப்பாட்டில் கை வைக்கும்போது உறைக்கிறது.

உன் இரண்டாம் வருடப் படிப்புக்கு ஒரு ஆராய்ச்சி வேண்டியிருந்தது. கம்ப்யூட்டருக்குப் பழைய விவரங்களைக் காட்டிப் பழக்கினால் அது தானாகவே வருவதை முன்கூட்டிச் சொல்லும், அதற்குச் செயற்கை நுண்ணறிவு என்று பெயர் என்று சாப்பிடும்போது எனக்கு விளக்கினாய். தாயின் வயது, உயரம், ரத்தத்தின் அளவு எல்லாம் கொடுத்தால், எந்தப் பெண்ணுக்கு எடைக் குறைவான குழந்தை பிறக்கும் என்று உன் புரோகிராம் முன்னாலேயே சொல்ல வேண்டும். அதற்கு விவரம் எங்கே கிடைக்கும்? உன் மேடத்திடம் இல்லாதது, என்னிடம் இருந்தது. பெரிய டாக்டரிடம் நான்தான் போய் நின்றேன். பெயர்களை மறைத்து ஐந்து வருட ரிஜிஸ்டரை நகல் எடுத்துக்கொள்ள அனுமதி வாங்கினேன். அந்தக் கட்டுகளை ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று எனக்கு இருந்த பெருமை உன்னைப் பெற்ற அன்றுகூட இல்லை. மூன்று மாதம் கூடத்து மூலையில் உட்கார்ந்து டைப் அடித்தாய். முடித்த அன்று நாற்காலியில் சாய்ந்து சோம்பல் முறித்துக்கொண்டு சொன்னாய்: "மேடம் இல்லன்னா இது நடந்தே இருக்காதும்மா." நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், அதனால் தப்பித்தேன்.

கருத்தரங்கத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். பல்கலைக்கழகத்தில் வருடாவருடம் மேடம் நடத்திவந்த கருத்தரங்கம் அது. புள்ளிவிவரமும் செயற்கை நுண்ணறிவும் என்று அந்த வருடம் பெரிதாக ஏற்பாடு. பம்பாயிலிருந்தும் டெல்லியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். மாணவர்களில் உனக்கு மட்டும்தான் பேச இடம். அப்பாவையும் என்னையும் உட்காரவைத்துப் பேசிப் பழகினாய். உன் புரோகிராம் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல் சரியாகச் சொல்கிறது என்றாய். அப்பா கைதட்டினார். பிறகு ஒரு படம் வந்தது. குழந்தைகளின் எடையைச் சின்னதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்திக் கட்டம் கட்டமாக நிறுத்தியிருந்தாய். இரண்டரைக்கு முன்னால் ஒரு பள்ளம். இரண்டரையில் ஒரு கோபுரம், கட்டத்தின் கூரையைத் தொடுகிறது.

பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது என் கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம் நான் எழுதிய இரண்டரைகள் அப்படியே எழுந்து நின்றுகொண்டிருந்தன. உன் புரோகிராமும் அதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறது, எந்தத் தாயைப் பற்றிக் கேட்டாலும் குழந்தை இரண்டரைக்குக் குறையாது என்று சொல்கிறது, ரிஜிஸ்டரும் அதையே சொல்வதால் எல்லாம் சரி என்று ஆகியிருக்கிறது. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் இது புரிய கம்ப்யூட்டர் தேவையில்லை.

நீயே கேட்டாய். "அம்மா, இங்க மட்டும் ஏன் இவ்ளோ ஒசரமா இருக்கு? நீ வார்டுல பாத்திருப்பல்ல?"

"உங்க மேடம் இன்னா சொன்னாங்க?"

"அவங்க பாத்துட்டு, தராசோட முள்ளு அப்பிடி நிக்கும் போலன்னாங்க. ஓகேதான்னாங்க."

நான் அந்த நொடியில் வாயைத் திறந்திருந்தால் போதும். ஒரு ராத்திரி இருந்தது. நீ பேச்சை மாற்றியிருக்கலாம், படத்தை எடுத்திருக்கலாம், தப்பை நீயே முதலில் சொல்லிப் பேர் வாங்கியிருக்கலாம். நான் சொன்னது இது: "உங்க மேடமே ஓகேன்னுட்டாங்கள்ல. அப்பறம் எங்கிட்ட இன்னாத்துக்குக் கேக்குற?"

நீ சிரித்தாய். அம்மா வழக்கம்போல முறுக்கிக்கொள்கிறாள் என்று நினைத்திருப்பாய். பயத்தில் சொல்லவில்லை என்று இப்போது உன்னிடம் சொன்னால் நம்பிவிடுவாய். பயம் கால் பங்கு இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ரிஜிஸ்டரில் எடையை மாற்றி எழுதியது தெரிந்தால் வேலைக்கு ஆபத்து. மீதி முக்கால் பங்கு பொறாமை. எல்லாம் தெரிந்த உன் மேடத்துக்கு ஒரு விஷயம் தெரியவில்லை, அது எனக்குத் தெரியும், நாளைக்கு எல்லோர் முன்னாலும் அவர் மூக்கு உடையட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். எதிரிக்குச் சகுனத் தடையாகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்ட கதை. அதில் அறுபட்டது உன் மூக்கு என்பதுதான் வித்தியாசம்.

மறுநாள் நானும் அப்பாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அரக்குப் பட்டு கட்டியிருந்தேன். நீ நன்றாகப் பேசினாய். படம் வந்ததும் நடு வரிசையிலிருந்து குழந்தைகள் நல டாக்டர் ஒருவர், வயதானவர், எழுந்தார். இங்கிலீஷில்தான் கேட்டார், எனக்குப் போதுமான அளவு புரிந்தது. "குழந்தைகள் இப்படி ஒரே எண்ணில் வரிசை கட்டிப் பிறப்பதில்லை, தம்பி. உன் மெஷின் குழந்தையின் எடையைக் கற்றுக்கொள்ளவில்லை. நர்ஸ் என்ன எழுதுவாள் என்பதைக் கற்றுக்கொண்டிருக்கிறது." மண்டபம் சிரித்தது. முன் வரிசையில் யாரோ மேஜையைத் தட்டிச் சிரித்தார். நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் எழுந்திருக்க வேண்டும். அந்த நர்ஸ் நான்தான், என் பிள்ளையை ஒன்றும் சொல்லாதீர்கள் என்று எழுந்து சொல்ல வேண்டும். நான் எழுந்திருக்கவில்லை.

எழுந்தது அவர். குட்டையான, நரைத்த, காட்டன் புடவை கட்டிய ஒரு பெண். திரும்பி மண்டபத்தைப் பார்த்து, "தவறு என்னுடையது. இவன் என் மாணவன். எண்களைத் தொடுவதற்கு முன்னால் அந்த வார்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. கேள்விகளை என்னிடம் கேளுங்கள்" என்றார். சிரிப்பு நின்றது. நீ மேடையிலிருந்து இறங்கி நேராக அவரிடம் போனாய். நான் தயிர்சாதம் கட்டிக் கொண்டுபோயிருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தேன். என் பிள்ளைக்காக நான் செய்ய வேண்டியதை இன்னொருத்தி செய்வதைப் பார்த்தேன். நன்றி வர வேண்டிய இடத்தில் எனக்கு வயிறுதான் எரிந்தது.

இன்னும் கேள். அடுத்த வருடம் அந்தக் கருத்தரங்கம் அவர் கையில் இல்லை. வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நீ வீட்டுக்கு வந்து, "என்னாலதாம்மா" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். உனக்குத் தலை கோதிவிட்டேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். ஒரு முழுச் சாயங்காலம் சந்தோஷமாக இருந்தேன் பிரபு. பெற்ற மனம் பித்து என்று சொல்வார்களே, அது இந்த மாதிரிப் பித்தையும் சேர்த்துத்தான் போல.

பிறகு நீங்கள் இருவரும் புதுத் தராசு ஒன்றோடு எங்கள் வார்டுக்கே வந்தீர்கள். ஆறு மாதம், பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் உள்ளது உள்ளபடி எழுத வேண்டும் என்று டாக்டரிடம் பேசி ஏற்பாடு. நீ வராத நாட்களிலும் அவர் வருவார். தராசுக்கு எதிரே நின்று நான் எழுதுவதைப் பார்ப்பார். அவருக்குக் கால் வீங்கும், அது எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. மூன்று நாள் அவருக்கு ஸ்டூல் போடவில்லை. நாலாவது நாள் ஆயா போட்டாள். அந்தப் புது ஆராய்ச்சிதான் உனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. அதன் கடைசிப் பக்கத்தில் மேடத்துக்கு ஆறு வரி நன்றி எழுதியிருந்தாய். "மருத்துவமனை ஊழியர்களுக்கும்" என்று அதன் கீழே ஒரு வரி. அந்த ஊழியர்களில் நானும் ஒருத்தி.

நேற்று நான் அவர் வீட்டுக்குப் போனேன். கல்யாண மேடையில் என் பக்கத்தில் உட்காரப் போகிறவரிடம் இதை மறைத்துக்கொண்டு என்னால் பட்டும் பூவுமாக நிற்க முடியாது. அப்பாவிடம் புடவைக் கடைக்கு என்று சொல்லிவிட்டு ரிக்ஷா பிடித்தேன். ரிட்டயர் ஆகி, ஊன்றுகோலோடு நடக்கிறார். எங்களுக்குள் பேச்சு இந்தியில்தான். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். "அந்த ரெண்டரையெல்லாம் நான் எழுதுனது, மேடம்."

"மாலூம் ஹை, சிஸ்டர்" என்றார். தெரியுமாம்.

உள்ளே போய் ஒரு பழைய ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்தார். ரிஜிஸ்டரில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் எடை பார்த்த நர்ஸின் சுருக்கக் கையெழுத்து இருக்கும். நீ அதை டைப் அடிக்கவில்லை, பெயர் வேண்டாம் என்று விட்டுவிட்டாய். கருத்தரங்கம் முடிந்த வாரமே அவர் நகல் கட்டுகளை உட்கார்ந்து பார்த்து, கையெழுத்து வாரியாகப் பிரித்திருக்கிறார். தாளில் நர்ஸுக்கு ஒன்றாக நாலு படம். மூன்று படத்தில் இரண்டரைக்கு மேல் ஒரு சின்ன மேடு. நாலாவதில் கோபுரம். அதன் அடியில் என் கையெழுத்தின் இரண்டு எழுத்து.

"அவங்கிட்ட ஏன் காட்டல?" என்று கேட்டேன்.

"கைடு போனா வேற கைடு கெடைப்பாங்க. அவன் அம்மாவுக்கு எங்க போவான்?"

இதைத் தெரிந்துகொண்டுதான் ஆறு மாதம் வீங்கிய காலோடு என் எதிரில் நின்றிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது என்று நினைக்காதே. எரிச்சல்தான் வந்தது. உன்னைக் காப்பாற்றியதிலும் அவர் முந்திக்கொண்டார், என்னைக் காப்பாற்றியதிலும் முந்திக்கொண்டார். அந்த எரிச்சலிலேயே மிச்சத்தையும் சொன்னேன். முந்தின சாயங்காலம் நீ என்னைக் கேட்டது, நான் தெரிந்தே வாயை மூடிக்கொண்டது, யார் மேல் இருந்த ஆத்திரத்தில் என்பது, எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இது எனக்குத் தெரியாது" என்றார். பிறகு, "அந்தக் கருத்தரங்கத்த பதினோரு வருஷம் நான் நடத்துனேன், சிஸ்டர்" என்றார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தார், குடித்தேன். வாசல் வரை வந்து, "அவங்கிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை, ஆனாலும் அம்மா என்பதால் சொல்கிறேன். எண்ணைக் கொடுக்கிறவர் யார், அந்தக் கை எந்த அவசரத்தில், எந்தப் பயத்தில் எழுதியது என்று பார்க்காமல் எதையும் நம்பாதே. உன் மேல் பிரியமாக இருப்பவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்றும் நம்பாதே. பிரியமானவர்களில் என்னைப்போல ஆட்களும் உண்டு. வரப்போகிற பெண் வைக்கும் குழம்பை நீ ஒருநாள் ஆகா என்று சொல்வாய். அன்று நான் எரியாத அடுப்பை அணைக்கப் போவேன். பின்னாலேயே வந்து என்னைப் பிடித்து உட்காரவை, இன்னாம்மா என்று நேராகக் கேள். நீ கேட்டால் இந்த முறை பதில் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

மேடையில் அவர் உட்காரட்டும். நாற்காலி நானே போடுகிறேன்.

இதைப் படித்து முடித்ததும் நீ முதலில் யாருக்கு போன் செய்வாய் என்று எனக்குத் தெரியும். செய். அவரோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு. இரண்டாவதாக எனக்குச் செய்.

அம்மா